ஓக் மரப் பீப்பாவில் ஓராண்டு

மதுவைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் இருப்பர். அவர்களோடு எனக்குப் பிணக்கில்லை. அவர்கள் வளர்ந்தது போன்ற வீட்டிலேதான் நானும் வளர்ந்தேன். வடமராட்சியில் எங்கள் ஊர்த் தவறணை இருந்த ஒழுங்கையால் நாங்கள் பள்ளிக்கூடம் போவதற்கு என் தந்தையார் இடங்கொடுத்ததில்லை; அரைக்கட்டை தூரம் சுற்றியே போய் வருவோம். அதற்குக் காரணம் இருந்தது. என் பெரியப்பா தம்முடைய தோட்டக் காணி இரண்டையும் அந்தத் தவறணை வாசலிலேதான் தொலைத்தார்.

பெரியப்பா குடிப்பதை நான் இரண்டொரு முறை கண்டதுண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, கசப்பு மருந்தைக் குடிக்கும் குழந்தையைப் போல ஒரே மடக்கில் விழுங்குவார். விழுங்கியதும் முகம் கோணும். உடம்பு ஒருமுறை குலுங்கும். தாம் குடித்த சாராயத்தின் சுவை அவருக்குப் பிடித்திருந்தது என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. இந்தச் சிறு காட்சி, ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின்னர், உலகத்தின் மறு கோடியிலே, சிக்காகோ நகரத்துச் சாப்பாட்டு மேசை ஒன்றின் முன்னே மீண்டும் என் நினைவுக்கு வந்தது.

சிக்காகோவிலே என் தங்கையின் மகன் குடும்பத்தோடு வாழ்கிறான். சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் அவனிடம் போயிருந்தேன். அமெரிக்கர் கொண்டாடும் நன்றிகூறும் நாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, பொழுது புலருமுன்னரே அவன் எழுந்து புறப்பட்டான். எங்கே என்று கேட்டேன். பியர் வாங்கப் போகிறேன் என்றான். உறைபனிக் குளிரிலே, விடியற்காலையிலே, பியர் வாங்குவதற்கு வரிசையில் நிற்பதா! அவன் திரும்பி வந்தபோது கையிலே இரண்டு போத்தல்களே இருந்தன. அன்று மாலை அவனுடைய நண்பர் மூவர் வந்தனர். சிறு கிண்ணங்கள் மேசைக்கு வந்தன. எனக்கு முன்னாலும் ஒன்றை வைத்து, "மாமா, நீங்கள் குடிக்க வேண்டாம். மணந்து பாருங்கோ, அது காணும்" என்றான்.

அந்த மதுவின் பெயர் பேர்பன் கவுண்டி ஸ்டவுட். சிக்காகோவிலுள்ள கூஸ் ஐலண்ட் என்னும் மதுவாலையின் படைப்பு. ஸ்டவுட் என்பது கருகும்வரை வறுத்த வாற்கோதுமையாற் செய்யும் கறுப்பு நிறப் பியர். நம் நாட்டிலும் அதற்கு உறவு உண்டு. நுவரெலியாவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றி, பின்னர் பியகமவுக்கு இடம்பெயர்ந்த மதுவாலையின் சிங்க முத்திரை ஸ்டவுட்டை, பியர்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஆங்கிலேயர் மைக்கல் ஜக்சன் (பாடகர் அல்லர், 2007இல் மறைந்த எழுத்தாளர்) உலகறியப் பாராட்டினார். சாதாரண பியரிலே மதுசாரம் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருக்கும். சிங்க முத்திரை ஸ்டவுட்டில் 8.8. சிக்காகோச் சரக்கிலோ ஏறத்தாழ 14. இத்துணை வலிமை மிக்க சாற்றை அவர்கள் உடனே போத்தலில் அடைப்பதில்லை. விஸ்கி இருந்து வெறுமையான ஓக் மரப் பீப்பாவிலே நிரப்பி, ஓராண்டளவு உறங்கவிடுகிறார்கள்.

ஏன் அந்தப் பீப்பா? இதற்கு விடை ஒரு சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியது. அது நீங்கிய பின்னர், பேர்பன் என்ற பெயரில் விற்கும் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்திலேயே முதிரவைக்க வேண்டும் என்று அரசு விதித்தது. புதிய கலம் என்றால் ஒருமுறைக்கு மேல் அதே பீப்பாவைப் பேர்பனுக்குப் பயன்படுத்த முடியாது. ஏறக்குறைய இருநூறு லீற்றர் கொள்ளும் நல்ல பீப்பா, நாலைந்து ஆண்டுகள் உழைத்தவுடன் வேலையிழந்து வெளியே வருகிறது. ஸ்கொத்லாந்து விஸ்கிக்காரர் பலவற்றை வாங்கிக்கொண்டனர். 1990களில், கூஸ் ஐலண்ட் மதுவாலையின் வடிப்பாளர் கிரெக் ஹோல், ஜிம் பீம் குடும்பத்துப் பேரனும் விஸ்கி வடிப்பாளருமான புக்கர் நோவைச் சந்தித்த வேளையிலே, அத்தகைய பீப்பாக்கள் சிலவற்றைப் பெற்று அவற்றிலே தம் கரிய பியரை நிரப்பினார். முதலிற் போட்டிக்குக் கொண்டுபோன இடத்திலே இதனை எந்த வகுப்பிற் சேர்ப்பதென்று நடுவர்களுக்குத் தெரியவில்லை. இன்று அந்த வகுப்பில் உலகமெங்கும் நூற்றுக்கணக்கான பியர்கள் உள்ளன. கூஸ் ஐலண்டோ 2011ஆம் ஆண்டில் அன்ஹைசர் புஷ் என்னும் பெருங் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. கைத்தொழில் மது என்ற பெயருக்கு அது இன்னமும் உரியதா என்பது அந்த மேசையிலே நடந்த முதல் வாக்குவாதம்.

மரம் செய்யும் வேலை வியப்புக்குரியது. பீப்பாவுக்கு அமெரிக்க வெண் ஓக்கையே தெரிகிறார்கள். அதன் நுண்குழாய்களை மரமே உள்ளிருந்து அடைத்துக்கொள்வதால் நீர் கசியாது. செவ் ஓக்கிலே இந்த அடைப்புப் போதாது. ஆணியும் பசையும் இன்றிப் பலகைகளை வளைத்து, இரும்பு வளையத்தால் இறுக்கி, உள்ளே ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நெருப்பைப் பாய்ச்சுகிறார்கள். மேற்புறம் கரியாகிறது. கரிக்குச் சற்று உள்ளே, வெப்பம் பட்டும் எரியாத மெல்லிய செம்படை ஒன்று உண்டாகிறது. சுவை பிறப்பது அங்கேதான். மரத்தின் இலிக்னின் சிதைந்து வனிலின் தோன்றும். வனிலாக் காய்க்கு மணந்தரும் பொருளே அது. அரைச்செலுலோசு சிதைந்து காய்ச்சிய வெல்லத்தின் சாயலைத் தரும். இவற்றோடு ஓக் மரத்துக்கே உரிய இலக்டோன் என்னும் சேர்வை ஒன்றும் உண்டு. அதற்குத் தேங்காயின் மணம். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனபோது, சிக்காகோவின் பனிக்குள்ளே எங்கள் வீட்டுக் கொப்பராச் சாக்கு மணத்ததற்குக் காரணம் இதுதான்.

வெப்பம் ஏறும்போது பியர் விரிந்து மரத்தினுள் நுழையும். குளிரும்போது, பலகையிலே ஊறிக் கிடந்த விஸ்கியையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். மரத்தினூடே ஒட்சிசன் மிக மெல்லப் புகுந்து, வறுத்த வாற்கோதுமையின் கரடுமுரடான கசப்பைத் தேய்க்கும். இவ்வளவும் ஆளில்லாமலே நடக்கின்றன. நடக்கக்கூடாததும் சில வேளை நடக்கும். 2015ஆம் ஆண்டுச் சரக்கிற் சில, மதுசாரத்தைத் தாங்கவல்ல ஒருவகைப் பற்றீரியாவாற் புளித்துப்போயின. மதுவாலை பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறு ஆண்டு முதல், போத்தலில் அடைக்குமுன் வெப்பமூட்டிக் கிருமி நீக்கத் தொடங்கியது. மருமகன் அப்படிப் புளித்த போத்தல் ஒன்றைத் திருப்பிக் கொடாமல் வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். சிரித்தான்.

ஓக்கில் மதுவை முதிரவைப்பது அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமையன்று. பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனிலே போர்ட்டர் என்னும் கரும்பியரைப் பெரும் ஓக் தொட்டிகளில் மாதக் கணக்கில் வைத்திருந்தனர். அந்த மதுவாலைகளுள் ஒன்று, சதாக்கிலே ஹென்றி திரேலுக்குச் சொந்தமானது. இலக்கிய அன்பர்கள் இப்பெயரை அறிவர். ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜோன்சனைத் தம் வீட்டிலே ஆண்டுக்கணக்கில் வைத்துப் பேணிய குடும்பம் அது. 1781இல் திரேல் இறந்தபோது, அவருடைய சொத்தைப் பார்க்கும் பொறுப்பாளர்களுள் ஒருவரானார் ஜோன்சன். மைக்கூடும் இறகுப் பேனாவும் சட்டைத் துளையிலே தொங்க, மதுவரி அதிகாரியைப் போல அவர் ஓடித்திரிந்த கோலத்தைப் பொஸ்வெல் பதிந்து வைத்திருக்கிறார். மதுவரியை வெறுக்கத்தக்க வரி என்று தம் அகராதியிலே எழுதியவருக்கு இப்படியொரு வேடம்! மதுவாலை 135,000 பவுணுக்கு விலைப்பட்டது. விற்பதற்கு இவ்வளவு பாடுபட்ட ஜோன்சனோ, வாழ்நாளின் நீண்ட பகுதிகளில் மதுவைத் தொடாமல் தேநீரிலேயே திளைத்தவர். அளவோடு குடிப்பது தமக்கு ஆகாது, அறவே விடுவது ஆகும் என்று தம்மை அளந்து வைத்திருந்தவர் அவர்.

உருசியப் பேரரசி கதரினின் அவைக்கென வலிமை மிக்க கரும்பியர் காய்ச்சப்பட்டதும் அந்த ஆலையிலேதான்; ஏழாண்டு கெடாதிருக்கும் என்று 1796இல் ஓவியர் பரிங்டன் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பேரரசு ஸ்டவுட் என்று இன்று வழங்கும் வகைக்கு அதுவே மூதாதை. இலண்டன் ஆலைகளின் தொட்டிப் பெருமை ஒரு கொடுமையிலும் முடிந்தது. 1814ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆந் திகதி, வேறோர் ஆலையில், 22 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்தது. போர்ட்டர் வெள்ளம் அயலிலிருந்த ஏழைக் குடியிருப்பிலே பாய்ந்து எட்டுப்பேர் மாண்டனர். பெண்களும் பிள்ளைகளுமே பெரும்பாலோர். தற்செயலான விபத்து என்று தீர்ப்பாயிற்று. ஆலை செலுத்திய வரியை அரசு திருப்பிக் கொடுத்தது.

இன்னொரு செய்தி மதுவத்தைப் பற்றியது. நீண்டகாலம் ஓக்கிலே கிடந்த ஆங்கிலப் பியருக்கெனத் தனி மணம் ஒன்று இருந்தது. அதனைத் தருவது ஒருவகைக் காட்டு மதுவம் என்பதை 1904இல் கோப்பன்ஹேகனிலுள்ள காள்ஸ்பேக் ஆய்வுகூடத்தில் கிளவுசன் கண்டறிந்து, பிரித்தானியப் பங்கசு என்று பொருள்படும் பிரெட்டனோமைசிஸ் என்ற பெயரை வைத்தார். ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்தது அந்த மணமே, மரத்தின் மணமன்று. அதனாற் போல்டிக் கரையிலிருந்து வந்த மேமல் ஓக்கையே அவர்கள் நாடினர். அமெரிக்க ஓக்கை அதன் மணத்துக்காகவே ஒதுக்கினர். தாத்தாமார் குற்றம் என்று தள்ளிய தேங்காய் மணத்துக்காகப் பேரப்பிள்ளைகள் விடியற்காலையில் வரிசையில் நிற்கிறார்கள். இலக்கிய வரலாற்றிலும் இதுபோன்றவை நிகழ்ந்ததுண்டு.

நம் நாட்டவருக்கும் மரத்தின் அருமை தெரியும். தென்னஞ் சாராயத்தை முதிரவைப்பது ஹல்மில்ல மரத் தொட்டிகளில். ஆங்கிலேயர் திருகோணமலை மரம் என்று அழைத்தது இதனையே. இன்னும் பின்னே போனால், திருமுருகாற்றுப்படையிலே குன்றக் கானவர் உண்ணும் தேறல் நெடிய மூங்கிலுள்ளே விளைந்தது. மலைபடுகடாத்திலும் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறல் வருகிறது. வகுப்பிலே அவ்வடிகளைக் கற்பித்த காலமெல்லாம், மூங்கிலை வெறும் பாத்திரம் என்றே மாணவருக்குப் பொருள் சொன்னேன். அம்மூங்கில் தேறலுக்கு என்ன கொடுத்திருக்கும் என்று ஒருநாளேனும் நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்ததே சிக்காகோ மேசையிலேதான்.

இனி அந்த மேசைக்கே போவோம். போத்தலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றவில்லை. அரைமணி நேரம் வெளியே வைத்திருந்தனர். பனிக்கட்டிபோற் குளிர்ந்தால் மணம் எழாது, நாவும் மரத்துப்போகும். பன்னிரண்டு, பதின்மூன்று பாகை வெப்பம் வேண்டும். வாய் குறுகி வயிறு அகன்ற கிண்ணத்திலே ஆளுக்கு மூன்று விரற்கடை. ஊற்றும்போது பழைய எண்ணெயின் கனம். கபில நிற நுரை எழுந்து, மதுசாரத்தின் வலிமையால் நில்லாமல் உடனே அடங்கிவிடுகிறது. கிண்ணத்தைச் சுழற்றினால், கண்ணாடியிலே ஒரு கரிய திரை மெல்ல இறங்குகிறது.

மணந்து பார்ப்பதோடு நிற்கலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்தேன். எடுத்தபோது என் தந்தையாரின் முகம் கண்முன்னே வந்ததை மறைக்க விரும்பவில்லை.

மருமகனின் நண்பருள் ஒருவர் அமெரிக்கர். சுவைஞர் என்றே சொல்லத் தகுந்தவர். வாயில் ஏற்படும் ஒருவகை இறுக்கத்தைச் சொல்ல அவர் தடுமாறினார். காய்ந்தது போல என்றார். பின்னர் தேயிலைபோல என்றார். அவர் மொழியிலே அது தொடுகை உணர்ச்சி. தனிச் சுவையாக அதனை எண்ணுவதில்லை. நமக்கோ அது ஆறு சுவைகளுள் ஒன்று. துவர்ப்பு என்றேன். அவர் மூன்று தரம் சொல்லிப் பழகினார். மரத்தின் தனின் தரும் துவர்ப்பு அது. பாக்கையும் வாழைப்பூவையும் உண்டு வளர்ந்த நாவுக்கு அதனை இனங்காண ஆசிரியர் வேண்டியதில்லை. நம் அறுசுவைக் கணக்கு இந்த மேல்நாட்டு மதுவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அப்போது எண்ணி வியந்தேன். முதலில் இனிப்பு; சீனியின் இனிப்பன்று, பனங்கட்டியும் பேரீச்சம்பழமும் கலந்தது. நடுநாவிலே கருக வறுத்த கோப்பிக் கசப்பு. தொண்டையிலே மதுசாரத்தின் கார்ப்பு. எல்லாம் போன பின்னர், நெடுநேரம் நிற்பது துவர்ப்பு. புளிப்பு இருந்தாற் பீப்பாவிலே பிழை, உவர்ப்பு இல்லை. நல்ல முதிர்வு என்பது, கார்ப்பு இருந்தும் அது தனித்துத் தெரியாமல் இருப்பது. வலிமை மிக்க மதுவை வலிமை தெரியாமற் செய்வதற்கே அந்த ஓராண்டு வேண்டியிருக்கிறது.

அபாயமும் அதிலேதான் இருக்கிறது. அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றிலே எழுபது மில்லிலீற்றர் தூய மதுசாரம் உண்டு. நாவுக்கு அது தெரிவதில்லை.

முதற் போத்தலுக்கு முக்கால் மணி நேரம் சென்றது. பேச்சு முழுவதும் சுவையைப் பற்றியதே. இரண்டாவது, நிலவறையிலே ஏழாண்டு கிடந்த பழைய சரக்கு. வனிலா மங்கி, உலர்ந்த முந்திரிகையும், சற்றே சோயாச் சாறும் தலைகாட்டின. ஒருவர் இதுவே மேல் என்றார். ஒருவர் கிழடு என்றார். நானும் என் கட்சியைச் சொன்னேன். (பழையதே சிறந்தது, ஆயினும் இன்னும் இரண்டாண்டு வைத்தாற் கெட்டுவிடும்.) மூன்றாவது போத்தல் திறந்தபோது என் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதிலே என்ன மணத்தது என்று எவரும் சொல்லவில்லை. ஒருவர் தம் மேலதிகாரியைத் திட்டினார். ஒருவர் கடன் கதை தொடங்கினார். குரல்கள் உயர்ந்தன. அமெரிக்க நண்பர் எதையோ நினைத்தவராய்க் கிண்ணத்தை எடுத்து, ஒரே மடக்கில் விழுங்கி வைத்தார். கண்கள் இறுக மூடியிருந்தன.

மருமகன் நாலாவது போத்தலைக் கையில் எடுத்தவன், என் பக்கம் திரும்பிப் பார்த்தான். சிறிது நேரம் பேசாமலிருந்தான்.

"மாமா, அந்தப் பெரியப்பாப் பாட்டாவின்ரை காணி இப்ப ஆற்றை கையிலை?"

தாய் சொல்லிக் கேட்டிருப்பான் போலும். ஒன்றிலே வேறொருவர் வீடு கட்டியிருக்கிறார், மற்றது பற்றையாகக் கிடக்கிறது என்றேன். அவன் போத்தலை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போனான். திரும்பி வரும்போது கையிலே தேநீர்க் கேத்தல் இருந்தது.

மறுநாட் காலையில் வெயில் சற்றே எறித்தது. பின்வளவிலே பாதியாக அறுத்த பீப்பா ஒன்று கிடக்கக் கண்டேன். விஸ்கியும் பியரும் இருந்து முடிந்தபின் கடைசியில் விற்கப்பட்டதாம். கோடையிலே மருமகள் அதிற் கத்தரி நட்டிருக்கிறாள். காய்ந்த தண்டு மட்டும் நின்றது. பலகையோரத்துப் பனி உருகி ஈரமாயிருந்தது. குனிந்து மணந்து பார்த்தேன். மண் மணத்துக்கு அடியிலே, மிக மெல்லிதாக, தேங்காய் மணத்தது.